ராஜாஜி நூல்களும் கனடாவின் இரண்டு நாளும்

மூர் மார்க்கெட்டில் கிடைத்த பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து வலையேற்ற நினைப்பவர்கள் முதலில் புரட்டுவது முதல் பதிப்பின் ஆண்டை. அது பெரும்பாலும் உதவாது. ஆசிரியர் மறைந்த ஆண்டுதான் வேண்டும். இந்தியாவில் பதிப்புரிமை எப்போது முடிகிறது என்று அறிய அதற்கு அடுத்த ஜனவரி 1 முதல் 60 ஆண்டு எண்ண வேண்டும். (இதைக் காப்புரிமை என்று எழுதாதீர்கள். அது பேடண்ட், இது பதிப்புரிமை.)

ராஜாஜி மறைந்தது 1972 டிசம்பர் 25. இங்கே அவர் எழுத்து பொதுவுக்கு, அதாவது யாரும் அனுமதியின்றி வெளியிடலாம் என்ற நிலைக்கு, வருவது 2033 ஜனவரி 1. கனடாவில் 50 ஆண்டுக் கணக்கு இருந்தது. அதன்படி 2023 ஜனவரி 1 அன்றே வந்திருக்கும். இரண்டே நாள் முன்னால், 2022 டிசம்பர் 30 அன்று, அதை 70 ஆக்கிய சட்டத் திருத்தம் அமலுக்கு வந்துவிட்டது. அமெரிக்கா, மெக்சிகோவுடனான வர்த்தக ஒப்பந்தம் வைத்த கெடு அது. இனி 2043 தான்.

2019இல் கனடா நாடாளுமன்றக் குழு ஒரு யோசனை சொன்னது: கூடுதல் 20 ஆண்டு வேண்டுமென்றால் உரிமையாளர் பதிவு செய்யட்டும். அரசு அதை எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அது நியாயமான யோசனையாகவே படுகிறது. பதிப்பகம் மூடிப்போய், வாரிசு எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியாத புத்தகங்களைப் பூட்டிவைத்து யாருக்கு என்ன வருமானம்?

ஆனால் திருத்தம் பின்னோக்கிப் பாயவில்லை. 1971க்குள் மறைந்தவர்களின் எழுத்தும் ஓவியமும் அங்கே விடுபட்டது விடுபட்டதுதான். படங்கள் விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். கல்கியின் எழுத்து நாட்டுடைமை (அரசு உரிமையை வாங்கிப் பொதுவாக்கியது), சரி. அவர் தொடர்களுக்கு மணியம் வரைந்த படங்கள் அதில் சேராது. மணியம் மறைந்தது 1968இல். கனடாவில் அந்தப் படங்கள் 2019 முதலே பொது. நமக்கு 2029 வரை பொறுக்க வேண்டும். மற்றவர் எழுதிய முன்னுரை, மொழிபெயர்ப்பு எல்லாவற்றுக்கும் இப்படித்தான் தனித்தனிக் கணக்கு.

சர்வரை டொராண்டோவில் வைத்துக்கொண்டு அண்ணாநகரில் உட்கார்ந்து ஏற்றினால் தப்பிக்கலாம் என்று எண்ண வேண்டாம். ஏற்றுகிறவர் இங்கே இருக்கும்வரை இந்தியச் சட்டம் விடாது.

ஆகவே நாட்டுடைமை நூலை ஸ்கேன் செய்யும்போது படப் பக்கங்களையும் சேர்த்தே எடுங்கள், வெளியிடும் பிடிஎஃப்பில் மட்டும் அவற்றை நீக்குங்கள். ஸ்கேனரிலிருந்து வந்த மூல டிஃப் (TIFF) படக் கோப்புகளைத் தனி ஹார்ட் டிஸ்கில், ஓவியர் பெயரும் மறைந்த ஆண்டும் கோப்புப் பெயரிலேயே இருக்கும்படி வைத்தால், 2029இல் மறுபடி ஸ்கேனரைத் திறக்க வேண்டியிருக்காது.