கொழுந்து இல்லாத மலை

2024 ஜனவரி 15, திங்கள். தைப்பொங்கல்

நாள் முடிவாகிவிட்டது. பெப்ரவரி 23 வெள்ளிக்கிழமை நவம் போயா, பௌர்ணமி விடுமுறை. சனி, ஞாயிறையும் சேர்த்தால் மூன்று நாள் கிடைக்கும். பொங்கல் வாழ்த்துச் சொல்ல எடுத்த வட்ஸ்அப் அழைப்பிலேயே ஐந்து பேரும் சரி என்று சொல்லிவிட்டோம்.

ஹட்டனில் ஒரே வகுப்பில் படித்தவர்கள் நாங்கள். சாதாரணதரப் பரீட்சையோடு ஆளுக்கொரு பக்கம் பிரிந்தோம். அதன்பிறகு கல்யாண வீட்டிலோ செத்த வீட்டிலோதான் சந்தித்திருக்கிறோம், அதுவும் எல்லாரும் சேர்ந்து அல்ல. வீட்டுக்காரர், பிள்ளைகள் இல்லாமல் நாங்கள் மட்டும் ஓர் இடத்துக்குப் போவது இதுதான் முதல் தடவை.

ஆட்களைப் பள்ளிக்கூடப் பட்டப்பெயரிலேயே எழுதுகிறேன். டீச்சர் இப்போது பண்டாரவளையில் உண்மையாகவே டீச்சர். குட்டிக்குத் தலவாக்கலையில் தையல் கடை. நெட்டை குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள், பெப்ரவரி 10 விடுமுறையில் வருகிறாள். மொனிட்டர் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். நான் வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் கணக்கு எழுதுகிறேன்.

போன ஒக்டோபரிலிருந்து ஆளுக்கு மாதம் 1,500 ரூபாய் டீச்சரிடம் சேர்கிறது. பெப்ரவரிக் காசும் வந்தால் மொத்தம் 37,500. நெட்டை ஐயாயிரம் போடலாம் என்றாள். மொனிட்டர்தான் நிறுத்தினாள். "என்னால 1,500தான் முடியும். எனக்காக யாரும் கூடப் போடவும் வேணாம்." அதையே எல்லாருக்குமான தொகையாக வைத்துக்கொண்டோம். கூட்டமாகப் போகிற பயணத்தில் ஆகக் குறைந்த காசு உள்ளவளின் பையைப் பார்த்துத்தான் திட்டம் போட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இல்லாவிட்டால் அவள் கடைசி நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி நின்றுவிடுவாள். நாமும் அதை நம்பிய மாதிரி இருந்துவிடுவோம்.

ஜனவரி 21, ஞாயிறு

எங்கே போவது என்று இன்று முழுக்கப் பேச்சு.

நெட்டைக்கு எல்ல. ஒன்பது வளைவுப் பாலத்தின் படத்தைக் குவைத்தில் அவள் வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகள் காட்டி, "இது உங்கள் ஊர்தானே, போயிருக்கிறீர்களா" என்று கேட்டார்களாம். இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது அவளுக்கு இன்னும் வலிக்கிறது. 1921இல் கட்டிய பாலம். தெமோதரைப் பக்கம் சொந்தம் இருந்தும் நானும் அதை ரயில் ஜன்னலிலிருந்து பார்த்ததோடு சரி.

டீச்சருக்குச் சிவனொளிபாத மலை. மார்கழிப் போயாவில் தொடங்கிய பருவம் வெசாக் வரை நடக்கிறது, நேர்த்திக்கடன் ஒன்றும் இருக்கிறது என்றாள். நல்லதண்ணியிலிருந்து ஐயாயிரத்துக்கு மேல் படி. குட்டி வருடக்கணக்காகத் தையல் இயந்திரம் மிதித்த முழங்காலோடு இருப்பவள், கேட்டதும் பெருமூச்சு விட்டாள். போயா நாளில் அந்த மலையில் கால் வைக்க இடமிருக்காது. விடிகிற நேரத்துக்கு உச்சிக்குப் போக வேண்டுமானால் இரவு முழுக்க வரிசையில் நிற்க வேண்டும். நேர்த்திக்கடனை ஒரு சாதாரண வார நாளில் போய்ச் செய்துகொள்ளலாம் என்று அவளே பிறகு சொன்னாள்.

ஹப்புத்தளையிலிருந்து தம்பத்தன்னை வழியாக லிப்டன் இருக்கை என்ற காட்சிமுனைக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். பஸ் இருக்கிறது, செலவு குறைவு, காலையில் ஏறினால் தென்பக்கச் சமவெளி வரை தெரியும்.

மொனிட்டர் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜனவரி 23, செவ்வாய்

இரவு மொனிட்டரைத் தனியாக அழைத்தேன். ரொட்டி தட்டிக்கொண்டே பேசினாள். லிப்டன் இருக்கை உனக்குப் பிடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"நீங்க எங்க சொன்னாலும் வாரேன்டி. ஆனா அங்க ஏறி நின்னா என்ன தெரியும்? தேயிலைதானே? நான் தினம் பார்க்கிறது. எனக்கு ஒரு ஆசை இருக்கு. கொழுந்து இல்லாத மலை ஒன்னப் பார்க்கணும். எங்கயாவது இருக்கா?"

இருக்கிறது என்றேன். ஹோர்ட்டன் சமவெளி.

போனை வைத்த பிறகும் அதே நினைப்பு. அவளுடைய தோட்டத்தில் 18 கிலோ எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். மழைக்கோ அட்டைக் கடிக்கோ விடுப்புக் கிடையாது. 2021இலிருந்து நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய். மற்றவர்களுக்கு அழகாகத் தெரிகிற அந்தப் பச்சையில் அவள் கண் எந்த மலையில் கொழுந்து முற்றிவிட்டது, எது அடுத்த பறிப்பு வட்டத்துக்கு ஆகும் என்றுதான் தேடும். விடுமுறையிலும் அவளை அதையே பார்க்க வைக்க எனக்கு மனமில்லை.

ஜனவரி 28, ஞாயிறு

ஹோர்ட்டன் சமவெளி என்று எல்லாரும் ஒத்துக்கொண்டோம். நெட்டைக்குக் கடைசி நாளில் ஒரு சலுகை: ஞாயிறு காலை அவளும் குட்டியும் ஹப்புத்தளையிலிருந்து எல்லவுக்குப் போய்ப் பாலத்தைப் பார்த்துவிட்டு வரலாம். எல்லாரும் எல்லா இடத்துக்கும் போக வேண்டும் என்று சட்டமா என்ன?

அங்கே ஏன் தேயிலை இல்லை என்று குட்டி கேட்டாள். நல்ல கேள்வி. கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் வெள்ளைக்காரர் மலைகளை மொட்டை அடித்துக்கொண்டே மேலே ஏறினார்கள். 5,000 அடிக்கு மேலுள்ள காட்டை விட்டுவிட வேண்டும் என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் ஆலோசனை சொன்னார், 1873இல் அது உத்தரவாக வந்தது. எல்லா இடத்திலும் அந்த உத்தரவு நிற்கவில்லை, நுவரெலியாவைச் சுற்றி அந்த உயரத்துக்கு மேலும் தேயிலை உண்டு. ஆனால் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே கிடக்கும் இந்தச் சமவெளி தப்பியது. நடுவில் கொஞ்சக் காலம் உருளைக்கிழங்கு போட்டார்கள், அதுவும் நின்றது. 1988இல் தேசியப் பூங்கா, 2010இல் மத்திய மலைநாட்டோடு சேர்த்து உலக மரபுரிமை. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் அங்கிருந்து நீர் இறங்குகிறது. கொழும்பில் நான் குழாயைத் திறந்தால் வருவது களனித் தண்ணீர். அந்தக் காடு நின்றதால் எனக்கும் பலன் இருக்கிறது.

பெப்ரவரி 4, ஞாயிறு

கணக்கு. நான் செய்கிற வேலை இதுதான், அதனால் விருப்பத்தோடு உட்கார்ந்தேன்.

ஹப்புத்தளையில் டீச்சருக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பெரிய அறை ஒன்று, இரண்டு இரவுக்கு 14,000. சமையலறையைப் பாவிக்கலாம். சனிக்கிழமை சமவெளிக்குப் போய்வர வான் 13,000. உள்ளூர்க்காரருக்கு நுழைவுச் சீட்டு பெரிய தொகையில்லை, வான் வாடகைதான் கனம். மிச்சம் 10,500. அதில் ரயில், சீட்டு, சாப்பாடு. கரட் கிலோ ஆயிரத்தைத் தாண்டி நிற்கிற மாதத்தில் கரட் விளைகிற மலைநாட்டுக்கே கரட் இல்லாத மெனுவோடு போகிறோம். பருப்பு, கிழங்கு, கட்டச்சம்பல் போதும்.

வான் எடுக்காமல் ஒஹியவில் இறங்கி நடந்தால் என்ன என்று மொனிட்டர் கேட்டாள். அங்கிருந்து ஏறக்குறைய 11 கிலோமீற்றர் ஏற்றம். அதற்குப் பிறகு உள்ளே சுற்றுப்பாதை ஒன்பதரைக் கிலோமீற்றர் அளவில். அவளால் முடியும். எங்கள் நாலு பேராலும் முடியாது. இந்த விடயத்தில் ஆகப் பலவீனமான முழங்காலுக்குத்தான் திட்டம்.

ரயில்: பொடி மெனிக்கே கோட்டையிலிருந்து காலை 5.55க்குப் புறப்படும். நான் கோட்டையில், மொனிட்டரும் நெட்டையும் ஹட்டனில், குட்டி தலவாக்கலையில். மூன்றாம் வகுப்பு. போயா நாளில் இடம் கிடைக்காது, வாசற்படிப் பக்கம் நிற்கத் தயாராக வரச் சொல்லியிருக்கிறேன். பட்டிப்பொல வரும்போது எப்படியும் எல்லாரும் எழுந்துதான் நிற்பார்கள், நாட்டிலேயே உயரமான ஸ்டேஷன்.

பெப்ரவரி 11, ஞாயிறு

நெட்டை வந்து இறங்கிவிட்டாள். இறங்கியதுமே சண்டை.

பழைய தோட்டத்துரை பங்களா ஒன்று இப்போது ஹோட்டல். அதில் ஓர் இரவாவது எல்லாரும் தங்க வேண்டும், செலவு முழுக்க என்னுடையது என்று சொல்கிறாள். அவளுடைய அப்பா ஒரு பங்களாவில் அப்புவாக, அதாவது சமையல்காரராக, இருந்தவர். சின்ன வயதில் பின்வாசல் வழியாகத்தான் அவள் உள்ளே போனாள். சாப்பாட்டு மேசையை அடுப்படிக் கதவு இடுக்கால் பார்த்தவள். "ஒரு தடவ அந்த மேசையில நாங்க அஞ்சு பேரும் உட்காரணும். அதுக்குத்தான்டி நான் ஊர்விட்டு ஊர் போய் உழைச்சேன்."

அவள் சொல்வதில் நியாயம் இல்லையென்று யாராலும் சொல்ல முடியாது. மொனிட்டரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு ராத்திரிக்கு அவ்வளவு காசில் தன்னால் தூங்க முடியாது என்றாள். இரண்டு பேரும் அழுதார்கள். போனில் அழுவதைக் கேட்டுக்கொண்டிருப்பது கஷ்டமாக இருந்தது.

குட்டிதான் வழி கண்டுபிடித்தாள். அங்கே தங்க வேண்டாம். நெட்டை திரும்பிப் போகுமுன் ஒரு நாள் அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் அந்த மேசையில் தேத்தண்ணி வாங்கிக் கொடுக்கட்டும். அந்த மேசையில் முதலில் உட்கார வேண்டியவர் அவர்தானே. நெட்டை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அப்பாவுக்குப் புதுச் சட்டை எந்தக் கடையில் வாங்கலாம் என்று கேட்டாள்.

பெப்ரவரி 18, ஞாயிறு

வீட்டு அனுமதிகள் எல்லாம் கிடைத்தாயிற்று. மொனிட்டருடைய மாமியார், "போய்ட்டு வா புள்ள, மூணு நாள் நான் பார்த்துக்கிறேன்" என்றாராம். மகளுக்கு மே மாதம் சாதாரணதரப் பரீட்சை, படிப்பு கெடாது என்று அவளும் உறுதி கொடுத்திருக்கிறாள். சனிக்கிழமைப் பேர் ஒன்று போகும். போகட்டும் என்று மொனிட்டரே சொல்லிவிட்டாள்.

கொண்டுபோக வேண்டியவை. கம்பளிச் சட்டை, காது மூடுகிற தொப்பி, பிடிமானமுள்ள சப்பாத்து. பெப்ரவரி விடியற்காலையில் அங்கே புல் மேல் உறைபனி விழும். வாசலில் பையைச் சோதித்துப் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், அதனால் ரொட்டியை வாழையிலையில் சுற்றித் துணியில் கட்ட வேண்டும். பிஸ்கட்டையும் உறை பிரித்து டப்பாவில் போட வேண்டும். மரைகள் கிட்டே வரும், சாப்பிட ஒன்றும் கொடுக்கக் கூடாது. இதைக் குட்டிக்கு இரண்டு தரம் சொன்னேன், தெருநாய்க்குக்கூடத் தன் பங்கைக் கொடுக்கிறவள் அவள்.

முக்கியமானது நேரம். ஒன்பது, பத்து மணிக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவிட்டால் உலக முடிவு என்கிற செங்குத்துப் பாறை விளிம்பில் வெள்ளைச் சுவர்தான் தெரியும். காலை நாலு மணிக்கு வான். ஆறு மணிக்கு வாசலில் நிற்க வேண்டும்.

பெப்ரவரி 22, வியாழன்

பை கட்டியாயிற்று. தூக்கம் வரவில்லை. நாளை 5.55.

பெப்ரவரி 24, சனி. ஹப்புத்தளை

கால் வலிக்கிறது, ஆனாலும் எழுதாமல் படுக்க மாட்டேன்.

ஆறரைக்கு உள்ளே நடக்கத் தொடங்கினோம். கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சள் பாய்ந்த புல், ஓரங்களில் குட்டையாகக் கோணிய மரங்கள், கிளையெல்லாம் பாசி. மொனிட்டர் எல்லாருக்கும் முன்னால் போனாள். ஓர் இடத்தில் நின்று சுற்றிப் பார்த்து, "ஒரு செடி இல்லடி" என்றாள். தேயிலைச் செடியைத்தான் சொன்னாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவள் கையை வீசி நடப்பதைப் பார்த்தேன்.

உலக முடிவுக்கு எட்டரைக்குச் சேர்ந்தோம். மூடுபனி இன்னும் ஏறவில்லை. ஏறக்குறைய 870 மீற்றர் பள்ளம். விளிம்பிலிருந்து தள்ளி நின்று எட்டிப் பார்த்தால், அடியில் ஒரு தோட்டம். தேயிலை.

நான் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். அவள் சிரித்தாள். பிறகு உட்கார்ந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து, நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனாள்: அந்தத் துண்டு கவ்வாத்து வெட்டி ரெண்டு மாசமிருக்கும். இது புது நடுகை. அந்த நீட்டுத் தகரம் ஆட்கள் இருக்கிற லயம், தள்ளி இருக்கிறது கொழுந்து நிறுக்கிற மடுவம். பக்கத்தில் நின்ற பல்கலைக்கழகப் பிள்ளைகள் கேட்கத் தொடங்கினார்கள், எப்படித் தெரியும் என்று. நான் அந்த வேலைதான் செய்யிறேன் என்று நேராகச் சொன்னாள். ஒரு பெண்பிள்ளை பேர் என்றால் என்ன, அரைப் பேர் என்றால் என்ன என்று விசாரித்து, கிலோக் கணக்கைக் கேட்டு வாயடைத்து நின்றது. மேலேயிருந்து தோட்டம் எப்படித் தெரியும் என்று இத்தனை நாள் துரைமாருக்குத்தான் தெரிந்திருக்கும் என்றாள் மொனிட்டர். அவளுக்கு அந்த இடத்தைவிட்டு எழும்ப மனமில்லை. ஒன்பதரைக்குப் பனி வந்து மூடிய பிறகுதான் பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு நடந்தோம்.

இரவு கணக்கு முடித்தேன். திரும்பிப் போகும் ரயில் காசு எடுத்து வைத்தது போக 2,300 ரூபாய் மிச்சம். பங்கு போட வேண்டாம், அடுத்ததற்கு வைப்போம் என்று முடிவு. அடுத்தது கடல் வேண்டுமாம் மொனிட்டருக்கு, திருகோணமலை. நாள் சம்பளத்தை 1,700 ஆக்கக் கேட்டுப் பேச்சு நடக்கிறதே, அது கிடைத்தால் மாதம் 2,000 போடுகிறேன் என்றாள். கிடைக்கும் வரை எல்லாருக்கும் 1,500. மார்ச் காசை டீச்சர் நாளைக்கே வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.