கணியன் பூங்குன்றனின் மீதி வரிகள்

'யாதும் ஊரே' என்று நான் ஆரம்பித்தாலே 'யாவரும் கேளிர்' என்று வகுப்பு முழுக்கக் கத்தும். அதற்கு அப்புறம் என்ன வருகிறது என்று கேட்டால் அமைதி. புறநானூறு 192-இல் மொத்தம் 13 வரிகள்.

தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கி இணையத்தில் தரும் தன்னார்வ முயற்சியான, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளத்தில் மூலம் இலவசமாகக் கிடைக்கிறது. அதிலிருந்து இந்தப் பாட்டை மட்டும் எடுத்து, பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தேன். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்தில் உரையும் இருக்கிறது. ஆனால் அதை முதல் நாள் காட்டுவதில்லை. உரையைப் பார்த்துவிட்டால் பிள்ளைகள் பாட்டைப் பார்க்க மாட்டார்கள்.

'கல்பொருது இரங்கும் மல்லற் பேர்யாற்று' என்ற வரியில் நின்றோம். இரங்கும் என்றால் இங்கே ஒலிக்கும் என்று மட்டும் சொன்னேன். கடைசி பெஞ்சுப் பையன் எழுந்தான். "வெள்ளம் வந்தா எங்க ஆத்துல ராத்திரி கல்லு உருளும் சார். வீட்டுல படுத்தா கேக்கும்."

சரி, அந்த ஆற்றில் ஒரு தெப்பம் போனால்? எல்லோரும் அடுத்த வரிக்குக் குனிந்தார்கள்: 'நீர்வழிப் படூஉம் புணைபோல்'.