கவளத்தை எண்ணிய கதை

கிளிநொச்சி மாவட்டத்தில் விஞ்ஞானம் கற்பிக்கும் நான், தரம் 10 மாணவியர் இருவரின் செயற்றிட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். சாணத்தையும் நீரையும் சம அளவில் கரைத்துப் போத்தலில் அடைத்து, வாயில் பலூனைக் கட்டி, உயிர்வாயு உண்டாவதைக் காட்டுவதே எங்கள் முதல் திட்டம். மீதேனை உருவாக்கும் நுண்ணங்கிகளுக்கு 35 பாகை செல்சியசை அண்டிய வெப்பம் உகந்தது. நாங்களோ மாரிக்குளிர் விடாத தை மாதத்தில் போத்தலை ஆய்வுகூட மூலையில் வைத்துவிட்டு மூன்று வாரம் காத்திருந்தோம். சற்று நிமிர்ந்த பலூன், கட்டு கசிந்து தொங்கிவிட்டது.

அதன்பின் செலவில்லாத ஒன்றைத் தேடி, மாடு இரைமீட்கும்போது (அசைபோடும்போது) ஒரு கவளத்தை எத்தனை முறை மெல்லுகிறது என்று எண்ணுவது என முடிவெடுத்தோம். பட்டி மாடுகளைப் பார்க்கலாம் என்று போனால், காலபோக (மாரிப் பருவ) நெல் வயலில் நிற்பதால் பட்டியைக் காட்டோரத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அறுவடை முடியாமல் அது திரும்பாது. ஆகவே மாணவி ஒருத்தியின் அம்மம்மா வீட்டில் கட்டி வளர்த்த மூன்று கறவை மாடுகளே எங்களுக்கு வாய்த்தன.

"பிள்ளை, படுத்திருக்கேக்கை எண்ணு. நிண்டால் ஈயைக் கலைச்சுக்கொண்டு நிக்கும்" என்று அம்மம்மா சொன்னது எந்தக் கைந்நூலிலும் எனக்குக் கிடைக்காத அறிவுரை. படுத்திருக்கும் மாட்டின் கழுத்தைக் கூர்ந்து பார்த்தால், ஓர் உருண்டை, அதாவது கவளம், கீழிருந்து மேலேறுவது தோலுக்கு வெளியே தெரியும்; ஏறக்குறைய விநாடிக்கு ஒருமுறை தாடை பக்கவாட்டில் அசையும்; பிறகு உருண்டை கீழிறங்கும்; சில விநாடி ஓய்வுக்குப் பின் அடுத்தது ஏறும். முதல் நாள் ஒரே கவளத்துக்கு இருவரும் வேறுவேறு எண்ணைச் சொன்னார்கள். ஒருத்தி உருண்டை ஏறும்போதே எண்ணத் தொடங்கியிருந்தாள் என்பது பின்புதான் புரிந்தது. வாய்க்கு வந்தபின் நிகழும் முதல் மெல்லலே "ஒன்று" என வரையறுத்தோம். முடிந்த ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு புளியங்கொட்டையைச் சிரட்டையில் போட்டார்கள்.

முதல் வாரம் வெட்டிய புல். அடுத்து வைக்கோலுக்கு மாற்றினோம். புண்ணாக்கின் அளவை மாற்றவில்லை. இரைப்பையில் பழைய தீன் தங்கியிருக்கும் என்பதால் முதல் நான்கு நாட்கள் எண்ணாமல் விட்டோம். இந்த நான்கு நாட்களை விட மனமில்லாமல் மாணவியர் என்னோடு வாதாடினார்கள், நானும் விட்டுக்கொடுக்கவில்லை. புல் வாரத்தில் கவளத்துக்கு 50ஐ ஒட்டி நின்ற எண்ணிக்கை, நார் மிகுந்த வைக்கோலில் இரண்டு மாடுகளுக்கு 60ஐத் தாண்டியது. மூன்றாவது மாடு மாறவேயில்லை. அதை நீக்கிவிடலாமா என்று கேட்டார்கள். அட்டவணையில் அப்படியே இருக்கட்டும் என்றேன்.

கோட்டமட்டக் கண்காட்சியில் நடுவர் ஒருவர், மூன்று மாடு போதுமா என்று கேட்டார். "போதாது சேர், ஆனால் ஒவ்வொரு மாட்டையும் அதோடேயே ஒப்பிட்டிருக்கிறோம்" என்று மாணவி பதிலளித்தாள். அந்தப் பதிலை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அடுத்த முறை எருமையை எண்ண விரும்புகிறார்கள். வியர்வைச் சுரப்பிகள் குறைவாக உள்ள எருமைகள் நண்பகலில் குளத்துக்குள் இறங்கிவிடும் என்பதால், அவை கரையேறிப் படுக்கும் மாலை வேளைக்கு நேர அட்டவணையை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம்.