உள்ளதைத்தானே சொன்னேன்

நோன்புக்கு முந்தின ஷஃபான் மாதத்தில் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு முற்றத்தில் காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு போன் வந்தது. களியக்காவிளைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா பேசினார். யாரோ சொந்தக்காரர் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிற பிள்ளையைத் தன் மகனுக்குப் பார்க்கிறார்களாம், "உங்களுக்குப் பழக்கமான வீடுதானே, பிள்ளை எப்படி?" என்று கேட்டார். நல்ல பிள்ளை, அஞ்சு நேரமும் தொழும், திருவனந்தபுரத்தில் பி.எட். படிக்குது, உம்மாவும் வாப்பாவும் தங்கமான மனுசங்க என்றெல்லாம் சொன்னேன். எல்லாம் மனசாரச் சொன்னதுதான். போனை வைக்கப்போகிற நேரத்தில், "முன்னே ஒரு இடத்துல நிச்சயம் ஆகி முறிஞ்சு போச்சு, பாவம்" என்று ஒரு வார்த்தை விட்டேன்.

அவர்கள் பெண் பார்க்க வரவில்லை.

அந்த நிச்சயம் ஏன் முறிந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் பேசி முடித்ததற்கு மேல் நகை கேட்டார்கள், பிள்ளையின் வாப்பா கடன் வாங்கிப் போடமாட்டேன் என்று சொல்லி எழுந்துவிட்டார். தெருவில் எல்லாரும் அவரைப் பாராட்டினோம், நானும்தான். ஆனால் போனில் முறிந்தது மட்டும் வாயில் வந்தது, காரணம் வரவில்லை. ஒரு வாரம் கழிந்து, தரகர் மூலமாகச் செய்தி அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது: "உங்க தெருவுல உள்ளவங்களே சொன்னாங்க." யார் என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ரொம்ப நேரம் ஆகியிருக்காது.

கேள்விப்பட்டவுடன் என் மனசு எனக்குச் சொன்ன சமாதானம், உள்ளதைத்தானே சொன்னேன் என்பதுதான். நம் ஊரில் எல்லாருக்கும் கைவசம் இருக்கிற சமாதானம் இது. பொய் சொன்னால்தான் பாவம், நடந்ததைச் சொன்னால் என்ன என்று நினைக்கிறோம். சிறுவயதில் மதரஸாவில் உஸ்தாத் சொல்லித்தந்த ஒரு ஹதீஸ் (நபிமொழி) அப்போது நினைவுக்கு வந்தது, 'முஸ்லிம்' என்ற ஹதீஸ் தொகுப்பில் பதிவானது. புறம் என்றால் என்ன என்று நபி(ஸல்) அவர்கள் கேட்கிறார்கள். உன் சகோதரன் வெறுக்கிற ஒன்றை அவனைப் பற்றிப் பேசுவது என்று அவர்களே விளக்குகிறார்கள். நான் சொல்வது அவனிடம் உண்மையாகவே இருந்தால்? என்று ஒருவர் கேட்கிறார். இருந்தால்தான் அது புறம், இல்லாவிட்டால் அது அவதூறு என்று பதில் வருகிறது. அதாவது உள்ளதைச் சொல்வதற்குப் பெயர்தான் புறம். இத்தனை வருசம் நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ள வைத்திருந்த அந்த ஒரு வார்த்தை, ஹதீஸில் குற்றத்தின் விளக்கமாகவே இருக்கிறது. குர்ஆனில் ஹுஜுராத் சூராவின் 12ஆம் வசனம், இறந்துபோன சகோதரனின் இறைச்சியைத் தின்ன விரும்புவீர்களா என்று கேட்கிறதே, அதுவும் பொய் சொல்கிறவர்களைப் பற்றியது இல்லை, இந்த உள்ளதைச் சொல்கிறவர்களைப் பற்றியதுதான்.

"பாவம்" என்று நான் சேர்த்துக்கொண்ட வார்த்தைதான் இன்னும் உறுத்துகிறது. இரக்கம் மாதிரி ஒலிக்கும், கேட்கிறவருக்கு அந்தப் பிள்ளையிடம் என்னமோ குறை இருக்கிறது என்று தோன்றவும் வைக்கும். "எனக்கு எதுக்கு அவங்க விசயம்", "அல்லாஹ் காப்பாத்தணும், நாம பேசக்கூடாது" என்று தொடங்கி அப்புறம் முழுக்கதையையும் சொல்லி முடிக்கிற பேச்சும் இதே வகைதான். இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வில் நாவின் ஆபத்துகள் என்று ஒரு தனிப் பகுதியே எழுதி 20 ஆபத்துகளைச் சொல்கிறார். அதில் பக்திமான்கள் பேசுகிற புறத்தைத்தான் மிக மோசமானது என்கிறார். துஆ (பிரார்த்தனை) மாதிரியும் இரக்கம் மாதிரியும் பேசி, பேசின காரியத்தையும் முடித்துக்கொள்வது.

ஒரு சொல்லுக்கு அவ்வளவு கனமா என்று கேட்கிறவர்களுக்கு நபியவர்களின் மனைவி ஆயிஷா(ரலி) அவர்களின் செய்தி ஒன்று உண்டு, அபூதாவூத் என்ற ஹதீஸ் தொகுப்பில் வருவது. நபியவர்களின் இன்னொரு மனைவியான ஸஃபிய்யா(ரலி) அவர்கள் குள்ளம் என்கிற மாதிரி ஒரு வார்த்தை ஆயிஷா(ரலி) சொல்லிவிட, நீ சொன்ன சொல்லைக் கடல் தண்ணீரில் கலந்தால் அதையே அது கெடுத்துவிடும் என்றார்கள் நபி(ஸல்) அவர்கள். தேங்காப்பட்டணத்தில் பொழிமுகத்துக்குப் போனவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். மழைக்காலத்தில் குழித்துறை ஆறு செம்மண் கலங்கி வந்து விழும், ஆறு முழுக்கச் சேர்ந்து கலக்கினாலும் கொஞ்ச தூரத்துக்கு மேல் கடல் தன் நிறத்தில்தான் கிடக்கும். அவ்வளவு பெரிய தண்ணீரை ஒரு சொல் கெடுக்கும் என்கிறது ஹதீஸ். அந்தச் சொல்லும் பொய் இல்லை.

சரி, கல்யாண விசாரிப்பில் ஒன்றுமே சொல்லக்கூடாதா? நான் ரொம்ப யோசித்தது இதைத்தான். மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை. ஃபாத்திமா பின்த் கைஸ்(ரலி) தன்னைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி நபியிடம் வந்து ஆலோசனை கேட்டபோது, முஆவியா சொத்து இல்லாதவர், அபூஜஹ்ம் தோளிலிருந்து தடியை இறக்காதவர், அதாவது பெண்களை அடிக்கிறவர் என்று வெளிப்படையாகச் சொல்லி, உஸாமா என்பவரை மணமுடிக்கச் சொன்னார்கள். ஹிந்த்(ரலி) தன் கணவர் அபூசுஃப்யான் கஞ்சர், செலவுக்குப் போதிய பணம் தருவதில்லை என்று முறையிட்டபோதும், புறம் பேசாதே என்று வாயை அடைக்கவில்லை, உனக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதை நியாயமாக எடுத்துக்கொள் என்றார்கள். இமாம் நவவி 'ரியாளுஸ் ஸாலிஹீ'னில் இப்படி அனுமதி உள்ள ஆறு இடங்களை எண்ணிச் சொல்கிறார். அநீதி இழைக்கப்பட்டவர் முறையிடுவதும், கல்யாணம் மாதிரி காரியங்களில் ஆலோசனை சொல்வதும் அவற்றில் உண்டு.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. புருசன் அடிக்கிறான் என்று ஒரு பெண் வாய் திறந்தால், வீட்டு விசயத்தை வெளியே பேசுறது கீபத்து (புறம்), நாவைப் பேணிக்கோ என்று அவளை அடக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது நாவைப் பேணுவதே இல்லை. தீய சொல்லைப் பகிரங்கமாகச் சொல்வதை அல்லாஹ் விரும்புவதில்லை, அநீதி இழைக்கப்பட்டவரைத் தவிர என்று நிஸா சூராவின் 148ஆம் வசனம் அவளுக்கு வாசல் திறந்து வைத்திருக்கிறது. அதை மூட நாம் யார்?

மாப்பிள்ளை குடிப்பான் என்று தெரிந்தால் விசாரிக்கிறவரிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த அம்மா என்னிடம் கேட்டது பிள்ளையின் குணத்தை. முறிந்த நிச்சயத்தில் அவள் குணத்தைப் பற்றி ஒன்றுமே இல்லை. சொன்னால் முழுசாகச் சொல்லியிருக்க வேண்டும், இல்லையென்றால் விட்டிருக்க வேண்டும். ஆயிஷா(ரலி) மீது அவதூறு கிளம்பிய நேரத்தில் நபியவர்கள் ஸைனப்(ரலி) அவர்களிடம் விசாரித்தார்கள். சக்களத்தி, அந்தஸ்தில் ஆயிஷாவுக்குப் போட்டியாக இருந்தவர், சொந்தச் சகோதரி ஹம்னாவே அந்தப் பேச்சில் சேர்ந்துகொண்டிருந்தார். என் காதையும் கண்ணையும் காத்துக்கொள்கிறேன், அவரிடம் நல்லதைத் தவிர வேறெதையும் நான் அறியவில்லை என்றார் ஸைனப். எனக்கு அந்தப் பிள்ளையோடு எந்தப் போட்டியும் கிடையாது, அப்படியிருந்தும் என்னால் இது முடியவில்லை.

கொஞ்ச நாளில் நோன்பு வந்தது. ராத்திரி தராவீஹ் தொழுகைக்குப் போகும்போது அந்த வீட்டு மாமி முன்னால் போவார், திரும்பிப் பார்க்கமாட்டார். பொய்ப் பேச்சை விடாதவர் உணவையும் பானத்தையும் விடுவதில் அல்லாஹ்வுக்குத் தேவை எதுவுமில்லை என்ற புகாரி ஹதீஸை அந்த மாதம் எங்கே திரும்பினாலும் கேட்டேன். தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாம் கொண்டுவந்தும் மறுமையில் ஓட்டாண்டியாகி நிற்கிறவரைப் பற்றிய ஹதீஸையும் கேட்டேன். ஒருவரை ஏசியிருப்பார், ஒருவரை அவதூறு சொல்லியிருப்பார், அவர் நன்மைகளை எடுத்து அவர்களுக்குக் கொடுத்துத் தீர்ப்பார்கள், தீர்ந்துபோனால் அவர்களுடைய பாவத்தை இவர் தலையில் வைப்பார்கள். ராத்திரி எழுந்து தொழுகிற தொழுகையெல்லாம் நாலு வீடு தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறது என்று தோன்றி, ஒரு நாள் விடியுமுன் சாப்பிடுகிற ஸஹர் சோறு இறங்கவில்லை.

புறம் பேசியது சம்பந்தப்பட்டவருக்குத் தெரியாதென்றால் போய்ச் சொல்லி நோகடிக்க வேண்டாம், அவருக்காக துஆ செய்து, பேசிய இடத்தில் அவரைப் பற்றி நல்லது பேசினால் போதும் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. எனக்கு அந்த வழி இல்லை, அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. களியக்காவிளை அம்மாவுக்கு முதலில் போன் செய்து காரணத்தை முழுசாகச் சொன்னேன். மகனுக்கு வேறு இடத்தில் பேசி முடித்தாயிற்று என்றார். பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் மாமி வீட்டுக்குப் போனேன்.

வெத்திலைத் தட்டத்தை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் பாக்கு வெட்டுகிற கை நிற்கவில்லை. "மாமி, பொருந்திக்கிடுங்க" என்றேன்.

"அல்லாவுக்காக நான் பொருந்திக்கிட்டேன் மக்ளே" என்றார். அப்புறம் பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஆனா எனக்கு என்ன போச்சு? அவகிட்டல்லா நீ கேக்கணும்" என்றார்.

வர்ற வெள்ளிக்கிழமை சாயங்கால ரயிலில் அவள் ஊருக்கு வருகிறாள்.