மஞ்சளை முறித்துப் பார்த்து வாங்குங்கள்

கடையில் பளபளக்கும் மஞ்சளைக் கண்டதும் கையை நீட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. மேல்நிறம் மெருகு ஏற்றினாலே வந்துவிடும். ஈயம் கலந்த லெட் குரோமேட் சாயத்தைத் தேய்த்து விற்பவர்களும் உண்டு.

விரலியை, அதாவது விரல்போல நீண்ட மஞ்சள் துண்டை, முறிக்க வேண்டும். நன்றாகக் காய்ந்தது 'டக்'கென்று உடையும். வளைந்துகொடுத்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, பூஞ்சை பிடிக்கும். முறிந்த இடம் ஆரஞ்சு சாயலோடு அடர்ந்திருந்தால் நல்லது. அந்த நிறம் மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறமி தருவது. ஊசித்துளை தெரிந்தால் வண்டு குடியேறிவிட்டது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளையும் வியாபாரிகள் முறித்துப் பார்த்துத்தான் விலை சொல்கிறார்கள். (என் அம்மாவுக்கு மோந்தாலே போதும். அந்த மூக்கு எனக்கு வாய்க்கவில்லை.)

தூளாக வாங்கினால் இதற்கெல்லாம் வழியில்லை. மில்லில் கொடுத்து அரைப்பதே மேல். முன்னால் மிளகாய் அரைத்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.