ஜாக்கி வாங்கப் போய் ரசமட்டத்தில் முடிந்த கதை

கொல்லிமலையில் ஊற்றிய ஒரு தோசைதான் இதை எழுதக் காரணம். செம்மேட்டுக்கு அப்பால் ஒரு மிளகுத் தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு நாங்கள் தங்கிப் பயணிக்கும் கேரவன் வண்டியை ஓரமாக நிறுத்தியிருந்தோம். இரவு நல்ல தூக்கம். காலையில் கல்லில் மாவை வட்டமாகத் தேய்த்தால், அது கண் முன்னாலேயே வண்டியின் முன்பக்கம் பார்த்து நகர்கிறது. ஓர் ஓரம் அடை, மறு ஓரம் பேப்பர் ரோஸ்ட். "எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தது இதைத் தின்னத்தானா?" என்று மனைவி கேட்டார். பதில் இல்லை.

இது முதல் முறையும் இல்லை. ஒரு வருடமாகவே இப்படித்தான். படுக்கையில் ரசமட்டம் வைத்துச் சரிசெய்தால் சமையல் மேடை சாய்கிறது. மேடையில் வைத்துச் சரிசெய்தால், பின்கதவுப் பக்கம் தலை வைத்துப் படுக்கும் எங்களுக்கு விடியும்போது தலை கனக்கிறது. சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து மட்டம் பார்ப்பதில் துல்லியம் வராது, வண்டியை எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி நிறுத்தும் ஹைட்ராலிக் ஜாக்கிதான் ஒரே வழி என்று முடிவுகட்டிவிட்டேன்.

வண்டி ஃபோர்ஸ் டிராவலர் 3350. அந்த எண்தான் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம், மில்லிமீட்டரில். கேரவன் என்றால் நம் ஊரில் நடிகர்கள் மேக்கப் போடும் வண்டி என்றே நினைக்கிறார்கள், சோதனைச் சாவடிகளில் இரண்டு முறை "உள்ளே யார்?" என்று எட்டிப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது 185 செ.மீ. படுக்கை, 120 செ.மீ. சமையல் மேடை, 12 வோல்ட் ஃபிரிட்ஜ், ஒரு குளியல் மூலை. அவ்வளவுதான்.

கோயம்புத்தூரில் ஹைட்ராலிக் வேலை செய்யும் பட்டறை ஒன்றில் விலை கேட்டேன். நான்கு சிலிண்டர், 12 வோல்ட் பம்ப், எண்ணெய்த் தொட்டி, வால்வு, குழாய்கள் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. எடை எவ்வளவு என்று கேட்டதற்கு "அது ஒரு எண்பது கிலோ வரும்" என்று போகிற போக்கில் சொன்னார்கள். எண்பது கிலோ என்றால் எங்களுக்கு ஒரு முழுத் தண்ணீர்த் தொட்டி. போதாததற்கு, சிலிண்டர் நான்கும் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்குக் கீழே தொங்கும். நம் ஊர் வேகத்தடைகள் எந்த அளவுகோலுக்கும் கட்டுப்படாதவை என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சேசிஸில் வெல்டிங் வைத்தால் ஆர்.டி.ஓ. ஒப்புதல் கேள்வி வேறு வரும்.

வெளிநாட்டு வண்டிக்காரர்கள் மட்டத்துக்காக உயிரை விடுவதற்கு வேறொரு காரணம் உண்டு. அதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். அவர்கள் வண்டிகள் பலவற்றில் இருப்பது கேஸில் ஓடும் அப்சார்ப்ஷன் ஃபிரிட்ஜ். அதில் கம்ப்ரஸர் கிடையாது. அம்மோனியா கலந்த தண்ணீரைச் சூடாக்கி, பிரிந்துபோன திரவம் புவியீர்ப்பிலேயே வழிந்து கீழே வரவேண்டும். வண்டி சாய்ந்து நின்றால் திரவம் குழாய்க்குள் தேங்கி, கொதிகலன் பகுதி காய்ந்து சூடேறும். அப்படியே பல மணி நேரம் ஓட்டினால் ஃபிரிட்ஜே பாழ். நம் வண்டிகளில் பெரும்பாலும் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ். மூன்று நான்கு டிகிரி சாய்வை அது கண்டுகொள்வதில்லை. ஜாக்கிக்கான பாதி வாதம் இங்கேயே விழுந்துவிட்டது. மிச்சம் இருந்தது தூக்கமும் தோசையும்.

முன்பணம் கொடுப்பதற்கு முந்தைய வாரம், பக்கத்து வீட்டில் மதில் எழுப்பிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் டியூப் லெவலை இரவல் வாங்கினேன். ஒளி ஊடுருவும் குழாய், உள்ளே தண்ணீர், இரண்டு முனையிலும் அது ஒரே உயரத்தில் நிற்கும், அவ்வளவுதான். கைபேசியில் இருக்கும் மட்டம் பார்க்கும் செயலியை நம்பாதவர்கள் இதை நம்பலாம். ஆனால் குழாயில் ஒரே ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் அது பொய் சொல்லும். முதல் நாள் மாலை முழுவதும் அந்தக் குமிழியோடுதான் போராட்டம். குழாயை வாளிக்குள் சுருட்டி முக்கினேன், போகவில்லை. வாயால் உறிஞ்சினேன், நீலம் கலந்த தண்ணீர் நாக்கில் ஏறியதுதான் மிச்சம். கடைசியில் கொத்தனாரே வந்து ஒரு முனையை மொட்டை மாடியிலிருந்து தொங்கவிட்டு, மேலிருந்து மெதுவாக நிரப்பினார். குமிழியெல்லாம் வரிசையாக மேலேறிப் போய்விட்டது. "அவசரமாக ஊற்றினால் காற்றையும் சேர்த்துத்தான் ஊற்றுகிறீர்கள் சார்" என்றார். இன்னொன்று: இரண்டு முனைகளையும் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு நடக்கலாம், அளக்கும்போது இரண்டையும் திறக்க வேண்டும். இதை நான் மூன்று முறை மறந்தேன்.

கார் நிறுத்தும் சிமென்ட் தளத்தில் வண்டியை விட்டு, சேசிஸின் நான்கு மூலைகளையும் பார்த்தேன். மட்டம். உள்ளே படுக்கைப் பலகை, மட்டம். சமையல் மேடை, முன்முனை இரண்டு செ.மீ. தாழ்வு.

நம்பாமல் மறுபடி அளந்தேன். அதே இரண்டு செ.மீ.

மேடை அடித்தது கரூரில் ஒரு பட்டறை. படுக்கை நான் வீட்டில் தரையிலிருந்து அளந்து அடித்தது. பட்டறை மேஸ்திரிக்குப் போன் செய்தால், "ரசமட்டம் வைத்துப் பார்த்துத்தானே சார் அடித்தேன்" என்கிறார். உண்மைதான், பொய் சொல்லவில்லை. அந்தப் பட்டறை முற்றம் வாசலை நோக்கிச் சரிவு. வண்டி மூக்கை உயர்த்திக்கொண்டு நின்றது. அந்தச் சரிவில் மட்டமாக அடித்த மேடை, சமதளத்துக்கு வந்ததும் முன்னால் குனிந்துவிட்டது. 120 செ.மீ. நீளத்தில் இரண்டு செ.மீ. என்றால் ஏறக்குறைய ஒரு டிகிரி. மேடையை மட்டமாக்க நான் ஒவ்வொரு முறையும் முன்சக்கரங்களை ஐந்தரை செ.மீ. தூக்கியிருக்கிறேன், அதனால் படுக்கையில் தலைமாடு மூன்று செ.மீ. இறங்கியிருக்கிறது. இரண்டு லட்சம் கொடுத்து ஜாக்கி போட்டிருந்தாலும், பொத்தானை அழுத்தி அதே தப்பான மட்டத்துக்குத்தான் சொகுசாகப் போய் நின்றிருப்பேன்.

மேடையின் முன்கால்களுக்குக் கீழே 18 மி.மீ. பிளைவுட்டும் அதன்மேல் ஒரு மெல்லிய மைக்கா துண்டும் வைத்துத் திருகாணி முடுக்கினேன். அரை மணி நேர வேலை. ஸ்டவ் குழாயை மட்டும் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருந்தது. கேஸ் குழாயில் கை வைத்தால் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்க்காமல் பற்ற வைக்காதீர்கள்.

இப்போது கட்டைகள். வேப்பம் பலகையில் 3, 6, 9 செ.மீ. என மூன்று படி. டயர் அகலம் 21 செ.மீ. சொச்சம் என்பதால் கட்டை அகலம் 25. டயர் பாதி வெளியே தொங்கினால் பக்கச் சுவருக்கு ஆகாது. முன்சக்கரத்துக்கு 9 செ.மீ. வைத்தால் ஒன்றரை டிகிரி சரியாகும். மூன்று டிகிரி சரிவென்றால் பதினேழரை செ.மீ. வேண்டும், அவ்வளவு உயரத்தில் ஏற்றுவதைவிட வண்டியைத் திருப்பி நிறுத்துவதோ வேறு இடம் பார்ப்பதோ மேல். பின்பக்கத்தைத் தூக்குவதென்றால் எனக்குப் பயம் அதிகம். என் வண்டியில் கைப்பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களைத்தான். ஜாக்கி அவற்றைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால் கைப்பிரேக் வெறும் அலங்காரம். கட்டையில் அந்தச் சிக்கல் இல்லை. சக்கரம் அதன்மேல் அழுந்தித்தான் நிற்கிறது. ஆனாலும் முன்சக்கரங்களுக்கு ஆப்பு வைக்காமல் நான் வண்டியை விட்டு இறங்குவதில்லை.

கட்டையில் என்னை வதைப்பது ஏறும் கணம்தான். ஈரமான செம்மண்ணிலோ வழவழப்பான சிமென்ட்டிலோ, டயர் ஏறுவதற்குப் பதில் கட்டையைத் தள்ளிக்கொண்டே போகிறது. அடியில் பழைய சைக்கிள் டயரை வெட்டி ஆணி அடித்துப் பார்த்தேன். இரண்டே பயணத்தில் பிய்ந்துவிட்டது. முனையைச் சாய்வாக இழைத்ததில் கொஞ்சம் பலன். உண்மையில் உதவியது, ஜல்லி கிரஷரில் கழித்துப்போட்ட கன்வேயர் பெல்ட். ரப்பருக்குள் துணி இருப்பதால் ஆணியைப் பிடித்துக்கொள்கிறது. பெல்ட்டை ஒரு முழம் முன்னால் நீட்டி விட்டால், டயர் முதலில் அதன்மேல் ஏறுகிறது; தன் எடையாலேயே கட்டையை நகரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. இது என் மகளின் யோசனை. கட்டையைத் தாண்டிக் குதிக்காமலிருக்க மேல்படியில் ஒரு சட்டம் குறுக்கே அடித்தேன். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே தனியாக ஏற்றிவிடலாம் என்ற வீம்பையும் விட்டாயிற்று. மகள் கீழே நின்று கை காட்டுகிறாள்.

ஜாக்கியில் ஒரு நன்மை இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அது வண்டியின் ஆட்டத்தை நிறுத்தும். பின்னால் பட்டை ஸ்பிரிங் என்பதால் இரவில் ஒருவர் புரண்டால் எல்லாரும் விழிக்கிறோம். கட்டை இதற்கு ஒன்றும் செய்யாது. பின்மூலைகளில் இரண்டு கத்தரி ஜாக்கிகளை, தூக்குவதற்கு அல்ல, முட்டுக்கொடுக்க மட்டும் வைத்துப் பார்க்கப் போகிறேன். பழைய கார்களிலிருந்து கழற்றியவை இரண்டு சொல்லி வைத்திருக்கிறேன். ஏழு எட்டு மீட்டர் நீள வண்டி வைத்திருப்பவர்களும், மழையில் இறங்கிக் கட்டை நகர்த்த முடியாத வயதில் இருப்பவர்களும் ஹைட்ராலிக் போடட்டும். டிராவலர் அளவுக்கு, கோயம்புத்தூர்ப் பட்டறையிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாவது கட்டைக்கு இன்னும் பெல்ட் அடிக்கவில்லை. கிரஷர் காவலாளி வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். 25 மி.மீ. ஆணி போதவில்லை, இந்த முறை 40. குளியல் மூலையில் தண்ணீர் வடிகால் இல்லாத பக்கமாகத் தேங்குகிறது. அதுவும் கரூரில் அடித்ததுதான். டியூப் லெவலை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.