கைடு சொன்னதும் கையேடு சொன்னதும்

ஜனவரி 18, 2025, சனி. பெங்களூரு ரயில் நிலையம், இரவு

ஹம்பி எக்ஸ்பிரஸ் வருவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. காலையில் சென்னையில் ரயில் ஏறியதிலிருந்து என் மடியைவிட்டு இறங்காத புத்தகத்தைப் பார்த்து, "இதையே படித்து முடித்துவிட்டால் ஊருக்குத் திரும்பிவிடலாமே" என்று மனைவி கேலி செய்துகொண்டு வருகிறாள். விஜயநகரப் பேரரசின் தலைநகராக இருந்த ஹம்பியைப் பற்றி, திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் அறுபது ரூபாய்க்கு வாங்கிய ஆங்கிலக் கைநூல் அது, 1970களில் அச்சானது. பின்னட்டையோடு ஒட்டி மடித்திருக்கும் வரைபடம் மடிப்புகளில் இற்றுப்போய், பிரித்தால் நான்கு துண்டாகிவிடும் நிலையில் இருக்கிறது. எனக்கு முன் இதை வைத்திருந்த யாரோ ஒருவர் பென்சிலால் ஆங்காங்கே கோடிட்டிருக்கிறார்.

முப்பத்தோராண்டு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன் நான். ஆண்டோ பெயரோ தவறாகக் காதில் விழுந்தால் கை தானாகப் பேனாவைத் தேடும். அதனாலேயே இதுவரை எந்த ஊரிலும் கைடு வைத்துக்கொண்டதில்லை. இம்முறை மனைவி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள்: கோயில்களுக்குக் கைடு வேண்டும், மற்ற இடங்களை என் புத்தகத்தின்படி பார்த்துக்கொள்ளலாம். கைடு பேசும்போது நான் குறுக்கே பேசக்கூடாது என்பது நிபந்தனையின் இரண்டாம் பகுதி.

ஜனவரி 19, ஞாயிறு. ஹம்பி

ஹொசபேட்டையில் இறங்கி, ஆட்டோ பிடித்து வந்து, அறையில் பையை வைத்துவிட்டு விரூபாட்சர் கோயில் வாசலை அடைந்தபோது மணி பத்து. ஒன்பது நிலைகளுடன் ஏறத்தாழ 50 மீட்டர் உயர்ந்து நிற்கும் கிழக்குக் கோபுரத்தை நிமிர்ந்து பார்ப்பதற்குள் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் முதலில் தமிழ் பேசியவரை மனைவி அமர்த்திவிட்டாள். பெங்களூரில் வேலை பார்த்தபோது கற்ற தமிழாம். அரை நாளைக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாய் என்று பேசி முடித்தோம்.

மனிதருக்கு அப்படியோர் அவசரம். ரங்க மண்டபத்து விதானத்தில், விஜயநகர அரசர்களின் குருவான வித்யாரண்யர் பல்லக்கில் ஊர்வலம் போகும் ஓவியத்தின் கீழே கழுத்து வலிக்க நான் நின்றுகொண்டிருக்க, "அது சாமியார் ஊர்வலம், இது அர்ஜுனன் மீனை அடிப்பது, வாங்க சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த மண்டபத்துக்குப் போய்விட்டார். கிருஷ்ணதேவராயர் முடிசூடிய காலத்தில் இம்மண்டபத்தைக் கட்டியதைச் சொல்லும் 1510ஆம் ஆண்டுக் கல்வெட்டுப் பலகையை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நான் அதன் முன் நின்றுவிட்டதைக் கண்டு திரும்பி வந்து, "பழைய எழுத்து சார், எங்களாலேயே படிக்க முடியாது" என்றார். அதுவரை வாய் திறவாமல் இருந்ததே பெரிது என்று மனைவியைப் பார்த்தேன்.

ஆனால் கருவறைக்குப் பின்புறம் இருக்கும் ஓர் இருட்டறைக்கு அழைத்துப்போனபோது அவருடைய நடையே மாறிவிட்டது. கிழக்குக் கோபுரம் தலைகீழாக விழும் சுவர் அது. எதிர்ச்சுவரில் உள்ள சிறு துளை வழியே வரும் ஒளி கோபுரத்தைக் கவிழ்த்துக் காட்டுகிறது. பள்ளியில் அட்டைப்பெட்டியில் ஊசித்துளையிட்டுச் செய்து பார்த்த அதே ஒளியியல்தான். என் புத்தகத்தில் இதற்கு ஒற்றை வரி. சுவரில் எனக்கு ஒரு மங்கலான கறையைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. கைடு தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து இரு கைகளாலும் விரித்துப் பிடித்து, சுவரிலிருந்து மெல்ல மெல்லத் துளையை நோக்கி நகர்த்தினார். துண்டின் மீது கோபுரம் சிறுத்துத் தெளிந்து, நிலைகளை எண்ணும்படியாகத் தலைகீழாக நின்றது. அவருடைய கை சற்றே நடுங்கியதால் கோபுரமும் நடுங்கியது. அதை அவர் 'நிழல்' என்றார்; நிழல் அன்று, பிம்பம் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

வெளியே வந்ததும் எங்களை நேராக ஒரு கைவினைப்பொருள் கடைக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். அரை நாளில் முக்கால் மணி நேரம் அந்தக் கடையில் கழிந்தது. கல்லில் செய்த பிள்ளையார் ஒன்றை வாங்கிக்கொண்டுதான் வெளியே வர முடிந்தது.

ஜனவரி 20, திங்கள். ஹம்பி

இன்று விட்டலர் கோயில். சீட்டு வாங்கும் இடத்திலிருந்து கோயில் வரை பேட்டரி வண்டி போகிறது. ஓட்டியவர் ஓர் இளம்பெண். இன்றைய கைடு வேறொருவர், இருபத்தைந்து வயது இருக்கலாம், வண்டியிலேயே கதையைத் தொடங்கிவிட்டார்.

கல் தேரின் முன் போய் நின்றோம். சட்டைப்பையிலிருந்து ஐம்பது ரூபாய் நோட்டை எடுத்து, பின்பக்கத்துப் படத்தைத் தேருக்கு நேரே பிடித்து, மனைவியின் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக் கொடுத்தார். 2017இல் வந்த நீல நோட்டு அது. சுற்றியிருந்த எல்லாக் கைடுகளின் கையிலும் ஆளுக்கொன்று இருந்தது. பிறகு, "இது முழுக்க ஒரே கல்லில் செய்தது" என்றார். என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. பல கருங்கற்களை இணைத்துக் கட்டியது, இணைப்புகள் செதுக்கு வேலையில் மறைந்திருக்கின்றன என்று சொல்லி, ஓரிடத்தில் கல்லின் மூட்டு தெரிவதையும் காட்டினேன். இது தேர் வடிவில் கட்டிய கருடன் சந்நிதி என்றும், 1856இல் கிரீன்லா என்ற ஆங்கிலேய அதிகாரி எடுத்த ஒளிப்படத்தில் இதன் மேல் செங்கல் விமானம் இருப்பதைக் காணலாம் என்றும் சேர்த்துச் சொன்னேன். எங்கள் பின்னால் நின்ற புனே குடும்பம் ஒன்று அவரை விட்டுவிட்டு என்னைப் பார்க்கத் தொடங்கியது. பையன் முகம் சுருங்கிப்போயிற்று.

மகாமண்டபத்தில் இசைத்தூண்கள். மொத்தம் 56 என்பார்கள். தட்டித் தட்டித் தேய்ந்ததால் இப்போது யாரையும் உள்ளே விடுவதில்லை. காவலர் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கைடு கைப்பேசியை எடுத்து, எப்போதோ பதிவு செய்த ஒலியைப் போட்டுக் காட்டினார். கல்லை விரலால் தட்டும் மெல்லிய மணியோசை, நடுவே யாரோ இருமும் சத்தம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வெள்ளைக்காரர்கள் இரண்டு தூண்களை அறுத்தார்கள் என்ற கதையையும் சொன்னார். இந்தக் கதையை நான்கு கைடுகள் நான்கு மொழிகளில் அதே நேரத்தில் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். இம்முறை நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவர் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து நிறுத்தினார், நிறுத்தியதால் கதை செத்துப்போயிற்று. அரை மணி நேரத்தில் அவர் சொல்வதற்கு எதுவுமே இல்லாமல் போய்விட்டது.

"அந்தப் பிள்ளை பாவம், உங்கள் முன்னால் தேர்வு எழுதுவது போல நிற்கிறான்" என்று மனைவி என் காதில் சொன்னாள்.

திரும்பும் வழியில் அவர் தேரின் அருகே மறுபடி நின்று, "சார், இங்கே வாங்க" என்று என்னை மட்டும் கூப்பிட்டார். தேரை இழுப்பது போல் முன்னால் நிற்கும் இரண்டு யானைகளைக் காட்டி, அவற்றின் பின்னால் குனிந்து பார்க்கச் சொன்னார். குனிந்தேன். யானையின் பின்புறத்துக்கும் தேருக்கும் இடையில், கல்லோடு கல்லாக, ஒரு குதிரையின் பின்னங்காலும் நீண்டு தொங்கும் வாலும் இருந்தன. முதலில் தேரை இழுத்தவை குதிரைகள். அவை போன இடத்தில் பின்னாளில் யானைகளைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். யானைகள் சற்றுச் சிறியவையாக, தேருக்குப் பொருந்தாமல் நிற்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "இது உங்க புத்தகத்துல இருக்கா சார்?" என்று கேட்டார். இல்லை. பேசிய தொகைக்கு மேல் இருநூறு ரூபாய் கொடுத்தேன். மனைவி இன்னொரு நூறு கொடுத்தாள்.

கோயிலுக்கு அருகில் திருமங்கையாழ்வாருக்குத் தனியே ஒரு கோயில் இருப்பதைப் புத்தகம் குறித்திருந்தது. நாள்தோறும் அவ்வழியே போகும் அந்த இளைஞருக்கு அது யாருடைய கோயில் என்று தெரியவில்லை. திருமங்கை மன்னனின் ஆடல்மா குதிரையையும் வழிப்பறியையும் நான் சொல்லச் சொல்ல, நாளைக்கு வரும் தமிழ்க் கூட்டத்துக்குச் சொல்லலாம் என்று பெயரை இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார். அதில் நான் ஏதேனும் பிழை விட்டிருந்தால் அது இனி ஹம்பியின் கதையாகிவிடும்.

ஜனவரி 21, செவ்வாய். கமலாபுரம்

கைடு இல்லாத நாள். ஹஜார ராமர் கோயிலின் சுவர்களில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இராமாயணத்தைப் படலம் படலமாகப் படித்தோம், யாரும் அவசரப்படுத்தவில்லை. மதிலின் வெளிப்புறத்தில் வரிசை வரிசையாக யானைகளும் குதிரைகளும் ஆடும் பெண்களும் போகிற ஊர்வலத்தைச் சுற்றி வரவே ஒரு மணி நேரம் ஆயிற்று.

அதன்பின் வழி தவறினோம். புத்தகம் "வடமேற்கே சிறிது தொலைவில்" என்று எழுதிவிட்டு ஓய்ந்துவிடுகிறது. உச்சிவெயிலில் வடமேற்கு எது என்று கண்டுபிடிப்பது வாசகரின் பொறுப்பு. மகாநவமி மேடை மீது ஏறி நின்று வரைபடத்தைப் பிரித்தபோது, கண்ணெதிரே கறுங்கல் படிகள் கணக்கு வைத்தாற்போல் அடுக்கடுக்காக இறங்கும் அழகான குளம் ஒன்று கிடந்தது, வரைபடத்திலோ அவ்விடம் வெறும் வெள்ளைத்தாளாக இருந்தது. தெற்கைத் தவறாகப் பிடித்துவிட்டேனோ என்று தாளைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தேன். பிறகுதான் அறிவிப்புப் பலகையைப் படித்தோம். அந்தப் படிக்குளம் 1980களில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. என் புத்தகம் அச்சானபோது அது மண்ணுக்கடியில் இருந்தது. குளத்தின் கற்களில் எந்தக் கல் எந்த வரிசைக்கு என்று தச்சர்கள் பொறித்த குறிகள் இருக்கின்றன. வேறெங்கோ செதுக்கிக் கொண்டுவந்து இங்கே பொருத்தியிருக்கிறார்கள். கம்பித் தடுப்புக்கு வெளியே இருந்து பார்த்ததில் ஓரிரு குறிகள் மட்டும் கண்ணுக்குத் தட்டுப்பட்டன.

தாமரை மகால் என்று இன்று எல்லாரும் சொல்வது அதன் பழைய பெயர் அன்று. 1799இல் காலின் மெக்கன்சி என்ற நில அளவை அதிகாரி தயாரித்த வரைபடத்தில் அது ஆலோசனை மண்டபம் என்று குறிக்கப்பட்டிருக்கிறதாம். அதன் நிழலில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்ட ஒரு பள்ளிக் கூட்டத்துக்கு ஆசிரியர் அது ராணிகளின் கோடை மாளிகை என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேனா பையிலேயே இருந்தது.

ஜனவரி 22, புதன். ஹம்பி

அறைக்காரர் அனுப்பிவைத்த இன்றைய கைடுக்கு எழுபது வயது இருக்கும். தமிழ் கொஞ்சம், தெலுங்கு நிறைய. வேகமாக நடக்கவும் மாட்டார், பேசவும் மாட்டார்.

6.7 மீட்டர் உயர நரசிம்மரின் முன்னால் எல்லாரும் "உக்கிர நரசிம்மர்" என்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் கம்பிக் கதவருகே எங்களை நிறுத்தி, இவர் உக்கிரர் அல்லர், லட்சுமி நரசிம்மர், மடியில் இருந்த தாயாரை உடைத்துவிட்டார்கள் என்றார். இவ்வளவும் புத்தகத்தில் உண்டு. அவர் பையிலிருந்து நெகிழித்தாள் ஒட்டிய ஓர் ஒளிப்படத்தை எடுத்தார். ஓரம் பழுப்பேறி இருந்தது. உள்ளே போக அனுமதி இருந்த காலத்தில் சிலையின் பின்புறமாகப் போய் எடுத்த படம். நரசிம்மரின் முதுகில் ஒரு சிறிய கை அணைத்தபடி கிடக்கிறது. விரல்களில் மோதிரம், நகம் வரை தெரிகிறது. தாயார் போனபின்னும் அணைத்த கை மட்டும் அங்கேயே இருக்கிறது. மனைவி அந்தப் படத்தை நெடுநேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்து கிருஷ்ணன் கோயில். கிருஷ்ணதேவராயர் உதயகிரியை வென்றபோது அங்கிருந்து கொண்டுவந்த பாலகிருஷ்ணனுக்காகக் கட்டியது இது. பெரியவர் கருவறை வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் இருட்டு. "சாமி உங்க ஊர்ல இருக்கார். மெட்ராஸ் மியூசியம்" என்றார். நாற்பதாண்டாக எழும்பூர் வழியே போய்வரும் எனக்கு இது தெரியாது. "நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நானும் பாக்கலை" என்றார்.

ஜனவரி 23, வியாழன். ஹொசபேட்டை ரயில் நிலையம், இரவு

காலையில் அதே பெரியவரோடு துங்கபத்திரைக் கரையில் கோதண்டராமர் கோயிலுக்குப் போனோம். சுக்கிரீவனுக்கு இராமன் முடிசூட்டியது இங்கேதான் என்றார். எதிர்க்கரையில் ஆனைக்குந்திப் பக்கம் அஞ்சனாத்ரியைக் காட்டி, அனுமன் பிறந்த மலை என்றார். இந்தக் கரையைப் பற்றிப் புத்தகத்தில் நாலு வரிதான், அதுவும் 'உள்ளூர் நம்பிக்கை' என்ற முத்திரையோடு. விட்டலர் கோயில் இளைஞர் தூண் அறுத்த கதையைச் சொன்னதும் இவர் சுக்கிரீவனைச் சொன்னதும் ஒன்று என எனக்குத் தோன்றவில்லை. இவர் சொல்லும்போது கும்பிட்டுக்கொண்டே சொன்னார்.

தேதியை எழுதும்போதுதான் கவனித்தேன். விஜயநகரம் தோற்று ஹம்பி பாழாகக் காரணமான தலைக்கோட்டைப் போர் நடந்தது 1565 ஜனவரி 23 என்று புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் இருக்கிறது. பெரியவரிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

நடைமேடையில் உட்கார்ந்து, பழைய உடைமையாளரின் பென்சில் கோடுகளுக்கு அருகே, மெய்ப்பில் விடுபட்ட சொல்லுக்குப் போடும் கொக்கிக் குறியைப் போட்டு, மூன்று இடத்தில் எழுதினேன்: துண்டு, குதிரை வால், கை. படிக்குளத்தை வரைபடத்தில் ஒரு சதுரமாக வரைந்தேன். அப்போது மடிப்பு கிழிந்துவிட்டது.

ஜனவரி 24, வெள்ளி. சென்னை

பிற்பகல் சென்ட்ரலில் இறங்கியதும் நேராக எழும்பூர் போய்ப் பாலகிருஷ்ணனைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று ஆட்டோ ஏறினோம். அருங்காட்சியகத்தின் கதவு பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்று ஆட்டோக்காரருக்கே தெரிந்திருந்தது. நாங்கள் பையும் மூட்டையுமாக இறங்கிய பிறகு சொன்னார். நாளைக் காலை மறுபடி போவதாக இருக்கிறோம். அங்கே கைடு யாராவது கிடைப்பார்களா என்று மனைவி கேட்கிறாள்.